ஜனவரி 5, கொடைக்கானல்: அப்சர்வேட்டரி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புத்தாண்டுக் கூட்டம் மலையை விட்டு இறங்கி, ஏரிக்கரையில் மறுபடியும் நிம்மதியாக நடக்க இடம் கிடைக்கும் வாரத்தில்தான் ஜனவரி 5 வரும். ‘இன்றைய நாளில் அறிவியல்’ என்று வாட்ஸப்பில் சுற்றும் படங்களில் அன்றைக்கு நம் ஊர்ப் பெயர் இருக்கும். பெயரும் வருஷமும் சேர்த்து இரண்டே வரி. பல வருஷம் இயற்பியல் நடத்தியவன் என்பதால் அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். டீக்கடையிலும் பஸ் ஸ்டாண்டிலும் வகுப்பறையிலும் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

அன்றைக்கு அப்படி என்னதான் நடந்தது?

1909 ஜனவரி 5, செவ்வாய்க்கிழமை. கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்தில், அதாவது நாம் அப்சர்வேட்டரி என்று சொல்லும் இடத்தில், ஜான் எவர்ஷெட் என்ற ஆங்கிலேயர் இரண்டு பெரிய சூரியப் புள்ளிகளின், அதாவது சூரியன்மேல் தெரியும் கறுப்புத் திட்டுகளின், நிறமாலையை (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பட்டையை) படம் பிடித்தார். அந்தக் காலத்து ஃபிலிமான கண்ணாடித் தட்டில் பதிந்திருந்த நிறமாலைக் கோடுகள், புள்ளியைக் கடக்கும் இடத்தில் நேராக இல்லை, சாய்ந்திருந்தன. புள்ளியில் உள்ள வாயு நடுவிலிருந்து நாலாபக்கமும், சூரியனின் மேற்பரப்பை ஒட்டினாற்போல், வெளியே ஓடுகிறது என்பதற்குக் கிடைத்த முதல் சாட்சி அந்தச் சாய்வுதான். இன்றைக்கும் உலகம் முழுக்க அதற்கு எவர்ஷெட் விளைவு என்றே பெயர்.

சூரியப் புள்ளியையே கொடைக்கானலில்தான் கண்டுபிடித்தார்களாமே?

இல்லை. இந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். ஒரு வருஷம் அறிவிப்புப் பலகையில் ‘சூரியப் புள்ளி கண்டுபிடிக்கப்பட்ட நாள்’ என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டேன். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்து, “அப்போ கலிலியோ என்ன சார் பார்த்தார்?” என்று கேட்டான். பலகையை அழிக்க அன்று மதியம் வரை துணி கிடைக்கவில்லை.

புள்ளிகளைச் சீனர்கள் 2000 வருஷங்களுக்கு முன்பே வெறுங்கண்ணால் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். தொலைநோக்கி வழியாகப் பார்த்தது கலிலியோ காலத்தில், 1610-ஐ ஒட்டி. கொடைக்கானலில் தெரியவந்தது, புள்ளி இருக்கிறது என்பதல்ல, அதற்குள் என்ன ஓடுகிறது என்பது.

கூடவே வரும் இன்னொரு குழப்பம் ஹீலியம் வாயுவின் கண்டுபிடிப்பு. அதுவும் இங்கே நடந்ததில்லை. 1868 ஆகஸ்ட் 18 அன்று முழு சூரிய கிரகணம் தென்னிந்தியா வழியாகப் போனபோது, ஆந்திராவின் குண்டூரில் பிரெஞ்சுக்காரர் ஜான்சன் சூரியச் சுடர்களின் நிறமாலையைப் பார்த்தார். ஹீலியம் கதை அங்கிருந்து தொடங்குகிறது. அப்போது கொடைக்கானலில் ஆய்வுக்கூடமே கிடையாது.

சென்னையில் இருந்த ஆய்வுக்கூடம் மலையேறியது ஏன்?

பஞ்சத்தால். கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் அதுதான் உண்மை.

நம் பாட்டிமார் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்வார்களே, 1876-இல் தொடங்கிய அந்தக் கொடுமை. மழை பொய்த்தது, சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்தார்கள். அந்தக் காலத்தில் சில வானியலாளர்களுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. சூரியப் புள்ளிகள் சுமார் 11 வருஷத்துக்கு ஒருமுறை கூடிக் குறைகின்றன. மழையும் அதையொட்டிக் கூடிக் குறையலாம். அப்படியானால் சூரியனைத் தினமும் கவனித்தால் அடுத்த பஞ்சத்தை முன்கூட்டியே சொல்லிவிடலாம். சூரியனுக்கென்றே ஓர் ஆய்வுக்கூடம் வேண்டும் என்ற யோசனை இதிலிருந்து வலுப்பெற்றது.

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இலிருந்தே ஆய்வுக்கூடம் இருந்தது. கருவி வைத்திருந்த கல்தூண் அங்கே வானிலை மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது. அதில் தமிழிலும் எழுத்து செதுக்கியிருக்கிறார்கள். ஆனால் கடலோர ஈரமும் தூசியும் சூரியனைப் படம் பிடிக்க ஒத்துவராது. சென்னையில் இருந்த வானியலாளர் மிக்கி ஸ்மித் பழனி மலையையும் நீலகிரியையும் சுற்றிப் பார்த்துக் குறிப்பெடுத்தார். 1893-இல் கெல்வின் பிரபு தலைமையிலான குழு கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தது. 1895-இல் மாகாண கவர்னர் வென்லாக் அடிக்கல் நாட்டினார், 1899-இல் ஆய்வுக்கூடம் செயல்படத் தொடங்கியது. முதல் இயக்குநர் அதே மிக்கி ஸ்மித். இடம் கடல்மட்டத்திலிருந்து 2343 மீட்டர் உயரத்தில்.

அப்போது மோட்டார் ரோடு கிடையாது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அம்மையநாயக்கனூரில், அதாவது இன்றைய கொடை ரோடு ஸ்டேஷனில், ரயிலை விட்டு இறங்கி, மாட்டுவண்டியில் பெரியகுளம் பக்கம் போய், அங்கிருந்து மலைப்பாதையில் நடை, குதிரை, இல்லாவிட்டால் டோலி. கண்ணாடி லென்ஸும் இரும்புச் சட்டமும் ஆள் தோளில்தான் மேலே வந்தன. எவர்ஷெட் பெயரை விளைவுக்கு வைத்தார்கள், சரிதான். தூக்கி வந்தவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் என் கண்ணில் பட்டதில்லை.

சரி, மழையைக் கணிக்க முடிந்ததா?

முடியவில்லை. புள்ளிகளின் எண்ணிக்கையை வைத்து அடுத்த பருவமழை எப்படி என்று நம்பிச் சொல்லும் வழி இன்றுவரை கிடையாது. கட்டிய நோக்கம் நிறைவேறாத இடத்தில்தான் யாரும் எதிர்பார்க்காதது கிடைத்தது.

எவர்ஷெட் யார்? பெரிய பேராசிரியரா?

பல்கலைக்கழகத்து ஆள் இல்லை. 1864-இல் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் பிறந்தவர். வேலைக்குப் போய்க்கொண்டே, சொந்தமாகக் கருவி செய்து, வீட்டிலிருந்து சூரியனைப் பார்த்த ஆர்வலர். 1898 கிரகணத்துக்காக ஏற்கெனவே ஒருமுறை இந்தியா வந்து, மகாராஷ்டிரத்தில் தல்னி என்ற ஊரில் படம் பிடித்துப் போனவர். 1907-இல் உதவி இயக்குநராகக் கொடைக்கானலுக்கு வந்தார். வரும் வழியில் அமெரிக்காவில் மவுண்ட் வில்சன் ஆய்வுக்கூடத்தில் சூரிய ஆய்வாளர் ஜார்ஜ் எலரி ஹேலைச் சந்தித்துவிட்டு வந்தார். அந்தச் சந்திப்பை மறக்காதீர்கள், கீழே வேண்டியிருக்கும். 1911 முதல் 1923 வரை இயக்குநர். நிறமாலைக் கருவியைப் பிரித்துச் சேர்ப்பதில் கைதேர்ந்தவர். இங்கே சரியாக ஓடாமல் கிடந்த சூரியப் படக்கருவியை ஒழுங்குக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான்.

சூரியப் புள்ளி என்பது என்ன? ஓட்டையா?

ஓட்டை இல்லை. சுற்றியுள்ள பரப்பு ஏறக்குறைய 5800 கெல்வின் சூடு என்றால், புள்ளியின் நடுப்பகுதி 4000 கெல்வின் அளவுக்கு ஆறியிருக்கும். ஒப்பிடும்போது மங்கலாக இருப்பதால் கறுப்பாகத் தெரிகிறது. பலமான காந்தப்புலம் கீழிருந்து சூடு மேலே வருவதைத் தடுப்பதால் வரும் குளிர்ச்சி அது. நடுவே அடர்கறுப்பு கருநிழல். அதைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில், சாமந்திப்பூ இதழ் மாதிரி இழை இழையாக, புறநிழல். எவர்ஷெட் பார்த்த ஓட்டம் நடப்பது இந்தப் புறநிழலில்.

ஒரு கோடு சாய்ந்திருந்தால் வாயு வெளியே ஓடுகிறது என்று எப்படிச் சொல்ல முடியும்?

எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். கொஞ்சம் நீட்டுகிறேன்.

கொடை ரோடு ஸ்டேஷனில் நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸைக் கவனித்திருப்பீர்கள். நம்மை நோக்கி வரும்போது ஹாரன் கீச்சென்று இருக்கும். நம்மைத் தாண்டிய நொடியில் அதே ஹாரன் கட்டையாக இறங்கிவிடும். டாப்ளர் விளைவு என்பது இதுதான். ஒளிக்கும் இது உண்டு. சூரிய ஒளியை நிறம் பிரித்தால், வானவில் பட்டைக்கு நடுவே ஆயிரக்கணக்கில் மெல்லிய கறுப்புக் கோடுகள் தெரியும். இரும்பு, சோடியம், கால்சியம் என்று ஒவ்வொன்றுக்கும் பஸ்ஸில் ரிசர்வ் செய்த சீட் மாதிரி தனித்தனி இடம். அந்த வாயு நம்மை நோக்கி வந்தால் கோடு நீலப் பக்கம் நகர்ந்து உட்காரும். விலகிப் போனால் சிவப்புப் பக்கம்.

இப்போது கருவி. தொலைநோக்கி காட்டும் சூரிய பிம்பத்தின் மேல் முடி அளவுக்கு ஒரு பிளவை வைத்து, அதற்குள் நுழையும் ஒளியை மட்டும் நிறம் பிரிக்கிறோம். பிளவு ஒரு புள்ளியின் குறுக்கே போகிறது என்று வையுங்கள். ஒரு கரையில் வாயு நம்மை நோக்கியும் மறுகரையில் நம்மை விட்டும் ஓடினால், கோட்டின் ஒரு முனை நீலத்துக்கும் மறுமுனை சிவப்புக்கும் இழுபடும். கோடு சாயும்.

வாயு வட்டமாகச் சுழன்றாலும் இப்படிச் சாயாதா? சாயும். ஆட்டுக்கல்லில் மாவு சுழல்கிற மாதிரி சுழலலாம். வாசலில் ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்தால் எல்லாப் பக்கமும் பரவுகிற மாதிரி பரவலாம். எது என்று பிரித்துச் சொல்ல, பிளவைத் திருப்பி வைத்துப் பார்க்க வேண்டும். சூரியத் தட்டின் மையத்துக்கும் விளிம்புக்கும் இடையில் இருக்கும் புள்ளி ஒன்றை எடுங்கள். மையத்தையும் புள்ளியையும் சேர்க்கும் நேர்கோட்டில் பிளவை வைத்தால் ஒரு படம். அதற்குக் குறுக்காக வைத்தால் இன்னொரு படம். சுழற்சி என்றால் குறுக்காக வைக்கும்போது கோடு சாயும். பரவல் என்றால் நேராக வைக்கும்போது சாயும். எவர்ஷெட்டின் தட்டுகளில் நேராக வைத்தபோதுதான் சாய்வு இருந்தது. குறுக்காக வைத்தபோது கோடு ஒழுங்காக நின்றது. புள்ளி சூரியத் தட்டின் நட்ட நடுவுக்கு வந்தபோது சாய்வே இல்லை. ஓட்டம் மேலும் கீழுமாக இருந்திருந்தால் அங்கேதான் அதிகம் தெரிந்திருக்க வேண்டும். ஆக, தரையோடு தரையாக, உள்ளிருந்து வெளியே.

எவ்வளவு சாய்வு என்று தெரிந்தால்தான் அந்த மனிதரின் கண் எப்படிப்பட்டது என்று புரியும். அவர் கணக்கிட்ட வேகம் நொடிக்கு சுமார் 2 கிலோமீட்டர். அந்த வேகத்தில் இங்கிருந்து மதுரைக்குப் போக ஒரு நிமிஷம் போதும். ஆனால் ஒளியின் வேகம் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். அதனால் கோடு தன் அலைநீளத்தில் ஒன்றரை லட்சத்தில் ஒரு பங்குதான் இடம் மாறும். கம்ப்யூட்டர் இல்லை. கழுவிக் காயவைத்த கண்ணாடித் தட்டு, அளக்கும் நுண்ணோக்கி, அப்புறம் பொறுமை.

அவர் தேடியதும் இதைத்தானா?

இல்லவே இல்லை. அவர் தேடியது ஆட்டுக்கல்லை!

1908-இல் ஹேல், அதே மவுண்ட் வில்சன் ஹேல், சூரியப் புள்ளிகளில் பலமான காந்தப்புலம் இருக்கிறது என்று கண்டுபிடித்திருந்தார். மின்னூட்டம் உள்ள வாயு சுழலாகச் சுற்றினால் காந்தப்புலம் வரும். ஆக, புள்ளி என்பது ஒரு புயல்சுழி என்று அப்போது நினைத்தார்கள். எவர்ஷெட்டும் அந்தச் சுழற்சியின் தடயம் கிடைக்கும் என்றுதான் தட்டை எடுத்துப் பார்த்தார். கோடுகள் சாய்ந்தது அழுத்தத்தாலா, இயக்கத்தாலா என்ற சந்தேகமும் இருந்தது. ஹேல் பெரிய ஆள், கருவியும் பெரியது. அவர் சொன்னதற்கு ஒத்துப்போகிற மாதிரி பார்த்துவிட்டுப் போவது சுலபம். எவர்ஷெட் பிளவைத் திருப்பி வைத்து மறுபடியும் எடுத்தார். என்னைக் கேட்டால், ஜனவரி 5-ஐ விட அதற்கு அப்புறம் வந்த அந்த நாட்கள்தான் பெரியவை. ஆனால் அவற்றுக்கு வாட்ஸப்பில் இடமில்லை.

ஏன் குறிப்பாக ஜனவரி?

கொடைக்கானல்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மார்கழிக் குளிரில் புல்மேல் வெள்ளைப் பனி உறைந்து, பொழுது விடிந்தால் வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும் காலம். 1909-இல் அதற்கு முந்தைய நாட்களில் பலத்த காற்றும் மழையும் அடித்து, ஜனவரி 5 அன்று வானம் தெளிந்திருந்தது. தூசியெல்லாம் அடங்கி, பிம்பம் நடுங்காமல் நின்றது.

காலை நேரம் முக்கியம். வெயில் ஏறினால் தரை சூடாகி, தோசைக்கல்லுக்கு மேலே காற்று நெளிவது போல நெளியத் தொடங்கும். பிறகு சூரியனின் விளிம்பே கொதிக்கிற பால் மாதிரி ஆடும். அந்த ஆட்டத்தில் ஒன்றரை லட்சத்தில் ஒரு பங்கைப் பிடிக்க முடியாது.

படம் எடுத்த நாளா, புரிந்த நாளா, அச்சான நாளா? எந்தத் தேதி கணக்கு?

நியாயமான கேள்வி. ‘இன்றைய நாளில்’ வகைச் செய்திகளில் எனக்கு இருக்கும் மனத்தாங்கலும் இதுதான். எவர்ஷெட் தன் ஆய்வுக்கூடத்தின் அறிக்கையில் இதை அச்சிட்டது 1909-இல், இன்னும் பல புள்ளிகளைப் பார்த்துச் சரிபார்த்த பிறகு. 1913-இல் மவுண்ட் வில்சனில் சார்லஸ் செயின்ட் ஜான் விரிவாக அளந்து உறுதிப்படுத்தினார். மேலே போகப் போக ஓட்டத்தின் திசையே மாறி, உயரத்தில் வாயு புள்ளிக்குள் திரும்பி வருகிறது என்பதும் அந்தக் கட்டத்தில் தெளிவானது.

இதே ஜனவரி 5-க்கு இன்னொரு உதாரணம் உண்டு. ஏரிஸ் என்ற குறுங்கோள் 2005 ஜனவரி 5 அன்று கண்டுபிடிக்கப்பட்டது என்பார்கள். அது பதிந்திருந்த படங்கள் 2003 அக்டோபரிலேயே எடுத்தவை. கண்ணில் படாமல் ஒரு வருஷத்துக்கு மேல் கிடந்தன. ஏரிஸுக்குக் கண்ணில் பட்ட நாளைக் கணக்கு வைத்தோம், எவர்ஷெட்டுக்குத் தட்டு எடுத்த நாளை வைத்தோம். பட்டியல் போடுகிறவர்களுக்கு ஒரே விதி கிடையாது.

எக்ஸ்-ரே பற்றிய செய்தி வியன்னாவில் பத்திரிகையில் முதன்முதலாக வந்தது 1896 ஜனவரி 5. விண்வெளி ஓடத் திட்டத்தை அமெரிக்க அதிபர் நிக்சன் அறிவித்தது 1972 ஜனவரி 5. பொது அறிவு போட்டிக்குப் போகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

அவர் மனைவியும் வானியலாளராமே?

ஆமாம், பலருக்கும் தெரியாது. மேரி ஆக்வொர்த் எவர்ஷெட், திருமணத்துக்கு முன் மேரி ஆர். 1896 கிரகணத்தைப் பார்க்க நார்வே போனபோது இருவருக்கும் பழக்கம், 1906-இல் கல்யாணம், அடுத்த வருஷம் கொடைக்கானல். சூரிய விளிம்பில் எழும் தீச்சுடர்களைப் பற்றி 1913-இல் தனியாக ஆய்வுக்கட்டுரை எழுதினார். 1917-இல் இருவர் பெயரிலும் அதே விஷயத்தில் பெரிய அறிக்கை வந்தது. இத்தாலியக் கவிஞர் டான்டேயின் பாடல்களில் வரும் வானியலைப் பற்றி அவர் எழுதிய புத்தகமும் கொடைக்கானல் வாழ்க்கைக் காலத்தில்தான் வெளியானது. கணவருக்கு 1918-இல் அரச வானியல் கழகத்தின் தங்கப் பதக்கம் கிடைத்தது. மனைவிக்குச் சம்பளப் பதவி எதுவும் இல்லை. அந்தக் காலத்து வழக்கம் அப்படி.

வாயு ஏன் வெளியே ஓடுகிறது?

இதற்குப் பதில் சொல்ல நூறு வருஷம் பிடித்தது. சுருக்கம் இதுதான்: புள்ளியின் நடுவில் காந்தப்புலம் நட்டுவைத்த கம்பு மாதிரி நிமிர்ந்து நிற்கும், ஓரத்துக்கு வர வர விசிறி போல் சாய்ந்து, புறநிழலில் ஏறக்குறைய படுத்துவிடும். சூடான வாயு கீழிருந்து எழுந்து, சாய்ந்த அந்தப் புலத்தின் போக்கிலேயே வாய்க்கால் தண்ணீர் மாதிரி வெளிப்பக்கம் ஓடி, ஆறி, மறுபடி அமுங்குகிறது. புறநிழலில் தெரியும் இழைகள்தான் அந்த வாய்க்கால்கள்.

குறிஞ்சி 12 வருஷம், புள்ளி 11 வருஷம். ரெண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

இதை என்னிடம் கேட்காத கோடைக்காலம் இல்லை. உண்டு என்று சொன்னால் கேட்பவர்களுக்குச் சந்தோஷமாக இருக்கும், ஆனால் இல்லை.

நம் மலையில் நீலக்குறிஞ்சி பூத்த வருஷங்களைப் பாருங்கள்: 1958, 1970, 1982, 1994, 2006, 2018. 1958-இல் சூரியனில் புள்ளிகள் உச்சத்தில் இருந்தன. 2006-லும் 2018-லும் அவை அடிமட்டத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தன. அந்தச் சுழற்சிகளின் அடிமட்டம் 2008 கடைசியிலும் 2019 கடைசியிலும் வந்தது. குறிஞ்சி காலண்டர் பார்த்த மாதிரி பூக்கிறது. சூரியனின் 11 வருஷம் வெறும் சராசரி. சில சுழற்சி குட்டை, சில சுழற்சி நெட்டை.

அப்சர்வேட்டரியில் இன்னமும் சூரியனைப் படம் எடுக்கிறார்களா?

எடுக்கிறார்கள். உலகத்தில் வெகு சில இடங்களிலேயே இவ்வளவு நீளமான தொடர் இருக்கிறது. 1904-ஐ ஒட்டித் தொடங்கி, வானம் திறந்த நாளெல்லாம் ஒரு படம். சூரியனை வெள்ளொளியில் படமெடுக்க இங்கே பயன்பட்ட 15 சென்டிமீட்டர் தொலைநோக்கி 1850-இல் சென்னைக்கு வாங்கியது. அது தட்டில் பதிக்கும் சூரியன் 20 சென்டிமீட்டர் விட்டம், வீட்டில் சாப்பிடும் தட்டு அளவு. அந்த அளவில் நம் பூமியை வரைந்தால் 2 மில்லிமீட்டர் கூட வராது. தட்டில் ஒரு கடுகு. பெரிய புள்ளி ஒன்று பத்துக் கடுகை விழுங்கும். வகுப்பில் நான் இதை நிஜமாகவே எவர்சில்வர் தட்டும் கடுகும் வைத்துக் காட்டுவேன். கடைசி பெஞ்சுவரை தலை நிமிரும்.

பழைய கண்ணாடித் தட்டுகளை இப்போது கணினிக்கு மாற்றிவிட்டார்கள். இந்தப் படம் எடுக்கும் வேலையை ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறையாகச் செய்திருக்கிறார்கள். 1960-இல் வானியலாளர் வைணு பாப்பு இயக்குநராக வந்தார். 1971 முதல் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. எவர்ஷெட் விளைவின் நூற்றாண்டையொட்டி 2008-இல் அஞ்சல்துறை ஒரு தபால்தலையும் வெளியிட்டது.

ஊட்டிக்காரர்களுக்கு இப்படி ஒரு நாள் உண்டா?

ஊட்டியில் உறவுக்காரர்கள் இருப்பதால் நியாயமாகச் சொல்ல வேண்டும். உண்டு. அங்கே டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 என்ற அண்டக்கதிர் ஆய்வகம் இருக்கிறது. விண்வெளியிலிருந்து வந்து விழும் துகள்களைத்தான் அண்டக்கதிர் என்கிறோம். 2014 டிசம்பர் 1 அன்று தலைக்கு மேலே போன ஒரு இடிமேகத்தின் மின்னழுத்தத்தை, அதன் வழியாக வந்த மியுவான் துகள்களை எண்ணியே கணக்கிட்டார்கள்: 130 கோடி வோல்ட். 2015 ஜூன் 22 அன்று சூரியப் புயல் ஒன்று பூமியின் காந்தக் கவசத்தைத் தளர்த்தியபோது, அதே கருவியில் இரண்டு மணி நேரம் துகள்கள் கூடுதலாகக் கொட்டின. சூரியனில் எழுந்த புயலை நீலகிரியில் எண்ணியிருக்கிறார்கள். மலை ரயில் ஊட்டி வரை ஓடத் தொடங்கிய 1908 அக்டோபர் 15-ஐயும் அவர்கள் சேர்த்துக்கொள்வார்கள். சேர்த்துக்கொள்ளட்டும்.

ஆதித்யா விண்கலம் இருக்கும்போது மலைமேல் தொலைநோக்கி எதற்கு?

சூரியனைக் கவனிக்க இந்தியா அனுப்பிய ஆதித்யா-எல்1 தன் இடத்தைப் போய்ச் சேர்ந்தது 2024 ஜனவரி 6. எவர்ஷெட் நாளுக்கு 115 வருஷமும் ஒரு நாளும் தள்ளி! ஒரு நாள் முன்னால் போயிருந்தால் எனக்கு அறிவிப்புப் பலகைக்கு நல்ல தலைப்பு கிடைத்திருக்கும். அதில் உள்ள பெரிய கருவியை, சூரியனின் ஒளிவளையத்தைப் பார்க்கும் கருவியை, உருவாக்கியது நம் அப்சர்வேட்டரியை நடத்தும் அதே நிறுவனம்தான். பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று மேகமில்லாமல் பார்க்கலாம். ஆனால் 1909-இல் சூரியன் எப்படி இருந்தது என்று விண்கலத்திடம் கேட்க முடியாது. கண்ணாடித் தட்டிடம் கேட்கலாம்.

நேரில் பார்க்கலாமா?

பார்க்கலாம். ஏரியிலிருந்து பூம்பாறை போகும் வழியில் மேலே ஏற வேண்டும். அங்கே சிறிய அருங்காட்சியகம் ஒன்று உண்டு. சூரியனின் நேரடி பிம்பமும் கறுப்புக் கோடுகள் உள்ள நிறமாலையும் காட்டுவார்கள். நிறமாலைக்கு முன்னால் குறைந்தது ஐந்து நிமிஷம் நில்லுங்கள். பெரும்பாலோர் செல்ஃபி எடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். 60 மீட்டர் நீளமுள்ள சுரங்கத் தொலைநோக்கியும் இந்த வளாகத்தில்தான் இருக்கிறது. எந்த நேரம் திறந்திருக்கும் என்பது மாறும், போவதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள். மதியத்துக்குப் போனால் மூடுபனிதான் மிச்சம்.

வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் காட்ட வழி இருக்கிறதா?

இருக்கிறது. முதலில் ஒரு கண்டிப்பு: தொலைநோக்கியிலோ பைனாகுலரிலோ கண்ணை வைத்துச் சூரியனைப் பார்க்கவே கூடாது. கூலிங் கிளாஸ், எக்ஸ்-ரே ஃபிலிம், புகைபிடித்த கண்ணாடி, எதுவும் காப்பாற்றாது. பார்வை போனால் திரும்பாது.

அட்டையில் ஊசித்துளை போட்டு, 3 மீட்டர் தள்ளி வெள்ளைத்தாளைப் பிடித்தால் ஏறக்குறைய 28 மில்லிமீட்டரில் சூரியன் விழும். வட்டம் தெரியும், புள்ளி தெரியாது. புள்ளி வேண்டுமென்றால் சிறிய லென்ஸ் தொலைநோக்கியைச் சூரியன் பக்கம் திருப்பி, கண் வைக்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு அடி தள்ளி வெள்ளை அட்டை. குழாயின் நிழல் மிகச் சிறியதாகும் வரை திருப்பினால் சூரியன் தானாக அட்டையில் வந்து விழும். பெரியவர் ஒருவர் தொலைநோக்கிப் பக்கத்திலேயே நிற்க வேண்டும், குழந்தைகள் கண்ணை வைத்துவிடுவார்கள்.

போன ஜனவரியில் மொட்டைமாடியில் இப்படி வைத்தேன். காலை எட்டரை மணி, கை விறைக்கிற குளிர், ஃபிளாஸ்க்கில் சுக்குக் காப்பி. பக்கத்து வீட்டுச் சிறுமி அட்டையில் இருந்த கறுப்பை விரலால் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை. அட்டையை நகர்த்தினேன், தூசியாக இருந்தால் அட்டையோடு போயிருக்கும், அது சூரியனோடேயே நின்றது. “இதுதானா தாத்தா?” என்றாள். அதற்குள் பிம்பம் அட்டையின் ஓரத்துக்குப் போய்விட்டது. பூமி சுற்றுவதால் இரண்டு நிமிஷத்தில் சூரியன் தன் விட்டம் அளவுக்கு நகர்ந்துவிடும். மறுபடியும் குழாயைத் திருப்பினேன். அவள் காப்பி மூடியை அட்டையின்மேல் வைத்து, பென்சிலால் வட்டம் போட ஆரம்பித்தாள்.